‘இது உன் சிலுவை’ என்று ஒருவருக்கு இன்னொருவர் சொல்லலாமா?

கேள்வி
பதிந்தவர்: ஓலைக்குருத்து (பாசையூர்)

அன்புள்ள வாசகர்களுக்கு வணக்கம்.

எமது கத்தோலிக்கக் கோவில் பங்கில் பதினேழு ஆண்டுகளாக மறைக்கல்வி கற்பித்து வருகிறேன். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய நாள் பிற்பகலில் பிள்ளைகளை மண்டபத்தில் வட்டமாக இருத்தி, தென்னங்குருத்தில் சிலுவை மடிக்கப் பழக்குவது எமது வழக்கம். இவ்வாண்டும் அப்படி மடித்துக்கொண்டிருந்தபோது, சிலுவை என்றால் என்ன என்ற வழமையான கேள்வியைக் கேட்டேன். இயேசு எங்கள் பாவங்களுக்காக மரித்த மரம் என்று, மனப்பாடம் செய்த விடை பல வாய்களிலிருந்து ஒரே நேரத்தில் வந்தது. தரம் ஐந்தில் படிக்கும் சிறுவன் ஒருவன் மாத்திரம் ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘ரீச்சர், எங்கட அம்மாவின்ர சிலுவை அப்பாதானாம், அம்மம்மா சொன்னவ’ என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) தகப்பன் கடற்றொழில் செய்பவர். கரைக்கு வந்தால் குடி, குடித்தால் அடி. தாய் கையில் காயத்தோடு பூசைக்கு வந்த ஞாயிறுகளை நானே கண்டிருக்கிறேன். அந்தப் பெண் ஒருமுறை கோவில் காரியங்களை முன்னின்று பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் முறையிட்டபோது, ‘சிலுவையைச் சுமந்தால்தான் உயிர்ப்பு வரும், பிள்ளை’ என்று ஆறுதல் கூறி அனுப்பிவிட்டார் என்று பின்னர் அறிந்தேன். இதில் என்னை மிகவும் உறுத்துவது இன்னொன்று: பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில், தெருவழியே பெரிய மரச்சிலுவையைத் தோளில் சுமந்து முன்னே நடப்பவர்களுள் அந்தத் தகப்பனும் ஒருவர்.

அன்று வகுப்பில் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓலையைச் சரியாக மடிக்கும்படி மாத்திரம் கூறினேன். வீட்டுக்கு வந்தபின், பதினேழு ஆண்டுகளாகக் கற்பித்த ஒரு சொல்லின் பொருள் எனக்கே தெளிவாகத் தெரியவில்லை என்பது விளங்கியது. தம்மைப் பின்பற்ற விரும்புகிறவர் தம் சிலுவையை நாள்தோறும் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்று ஆண்டவர் கூறியது எதனை? நோய், வறுமை, கொடிய கணவன், காணாமற்போன பிள்ளை, கைவிட்டுப்போன காணி ஆகிய எல்லாவற்றுக்கும் நாம் அந்த ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். அது சரியா? சரியென்றால், அந்தச் சிறுவனுக்கு நான் என்ன சொல்ல வேண்டும்? எந்தச் சபையைச் சார்ந்தவராயினும் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாவேன்.

மறுமொழி
பதிந்தவர்: பழைய கரும்பலகை (குருநகர்)

பிள்ளை, நான் இறையியல் படித்தவன் அல்லன், வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன். ஆகவே எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

தங்கத்தில் செய்து கழுத்தில் போடுவதால், சிலுவை எவ்வளவு கேவலமான பொருளாக இருந்தது என்பது எமக்கு மறந்துபோய்விட்டது. அது உரோமப் பேரரசு அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் வைத்திருந்த தண்டனை. உரோமக் குடிமகனை அதில் அறைவது பொதுவாக வழக்கமில்லை. கி.மு. 71இல் ஸ்பார்டகஸின் அடிமைக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது, பிடிபட்டவர்களுள் ஏறத்தாழ 6000 பேரைக் கப்புவாவிலிருந்து உரோமை வரையான நெடுஞ்சாலையின் ஓரமாகச் சிலுவைகளில் தொங்கவிட்டார்கள். போவோர் வருவோர் பார்த்து நடுங்கவேண்டும் என்பதே நோக்கம். யூதருக்கோ அது இன்னும் பெரிய அவமானம், ஏனெனில் மரத்தில் தூக்கப்பட்டவன் கடவுளின் சாபத்துக்கு உள்ளானவன் என்று விவிலியத்தின் இணைச்சட்டம் 21ஆம் அதிகாரம் சொல்கிறது. 1968இல் எருசலேமில் ஒரு கல்லறையைத் தோண்டியபோது, இரும்பு ஆணி ஊடுருவிய நிலையிலேயே ஒரு மனிதனின் குதிகால் எலும்பு கிடைத்தது. அதன் படத்தைப் பார்த்த பிறகு எனது வீட்டுச் சுவரிலுள்ள பாடுபட்ட சுரூபத்தை முன்போல் பார்க்க என்னால் முடியவில்லை.

முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்கள் மீனையும் நங்கூரத்தையும் வரைந்தார்களே தவிர, அறையுண்ட ஆண்டவரை வரையத் தயங்கினார்கள். உரோமையின் பலத்தீன் குன்றில் கிடைத்த ஒரு பழைய சுவர்க்கீறலில், கழுதைத் தலையோடு சிலுவையில் தொங்கும் உருவத்தையும் அதை வணங்கும் ஒருவனையும் யாரோ கேலியாகக் கீறி வைத்திருக்கிறார்கள். எமது பெருமைக்குரிய அடையாளத்தின் ஆகப் பழைய படங்களுள் ஒன்று எம்மைப் பழிக்கக் கீறப்பட்டது! தேவாலயத்தில் மக்கள் காணும்படி அக்காட்சியைச் செதுக்கிய பழைய எடுத்துக்காட்டாக, உரோமையின் புனித சபினா ஆலயத்து மரக்கதவைக் காட்டுவார்கள். அது 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சிலுவை என்பது வானத்திலிருந்து விழுந்த இடியும் அல்ல, உடம்பில் தானாக வந்த காய்ச்சலும் அல்ல. ஒரு மனிதனை இன்னொரு மனிதன் தீர்மானித்து ஏற்றிய மரம் அது. நாம் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லும் விசுவாச அறிக்கையில் மாதாவையும் ஆண்டவரையும் தவிர இன்னொரு மனிதரின் பெயர் வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? இயேசுவுக்கு மரணத்தீர்ப்பு இட்ட உரோம ஆளுநன் போஞ்சு பிலாத்து. திருச்சபை அந்த அநீதியைச் செய்தவனின் பெயரை மறைக்கவில்லை. இத்தனை நூற்றாண்டுகளாக உரத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. 1995 ஆடி 9ஆம் நாள் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது குண்டு விழுந்து நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அதை எமது மக்களின் சிலுவை என்று நாம் சொன்னோம். அப்படிச் சொல்லும்போது குண்டு தானாக விழுந்தது என்று யாரும் கருதவில்லை. வீட்டுக்குள் நடக்கும் அடிக்கு மாத்திரம் சிலுவை என்று பெயர் வைத்தவுடன் அடித்தவன் எப்படிக் காணாமற்போகிறான்? அந்தச் சிறுவனின் தாய் சுமப்பது சிலுவை என்றால், அந்த வீட்டில் பிலாத்து யார் என்று அந்தப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பக்கத்துக் கதை ஒன்று: ‘சிலுவை’ என்ற சொல் சிரிய மொழியிலிருந்து வந்தது. எமது ஊர்ப் பழையவர்கள் சொல்லும் ‘குருசு’ போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. 1912இல் அனுராதபுரத்தில் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை, போர்த்துக்கேயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இத்தீவில் அந்த அடையாளம் இருந்ததைக் காட்டுகிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் வந்திறங்கிய புனித யோசேவாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில் கழுத்தில் செபமாலையோடு வீடுவீடாகச் சென்று, அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கொண்டே கத்தோலிக்கரை இனங்கண்டார் என்பது நாம் சிறுவயதில் கேட்ட வரலாறு. அந்த மாலையின் நுனியில் தொங்கிய சிலுவைக்கு ஒரு விலை இருந்தது. அவர் அதைத் தானே அணிந்துகொண்டார், பிறர் கழுத்தில் மாட்டிவிடவில்லை.

மறுமொழி
பதிந்தவர்: வடக்குவீதி (வட்டுக்கோட்டை)

சகோதரிக்கு வணக்கம். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன், இறையியல் கல்லூரியில் சில ஆண்டுகள் படித்தவன். எங்கள் ஆலயத்தில் சிலுவை வெறுமையாக இருக்கும், உங்கள் ஆலயத்தில் ஆண்டவரின் உருவம் அதில் இருக்கும். இந்த வேறுபாட்டைப் பற்றி எங்கள் பாட்டன்மார் செய்த வாதங்களை இங்கே நான் தொடரப்போவதில்லை.

சிலுவையில் நடந்தது என்ன என்பதற்குத் திருச்சபை ஒரே விளக்கத்தை வைத்திருக்கவில்லை. தீய வல்லமைகளை ஆண்டவர் வென்றார் என்று ஆதி ஆசிரியர்கள் பேசினார்கள். மனிதன் கடவுளுக்குச் செலுத்தவேண்டியதை மனிதனான கடவுளே செலுத்தினார் என்று 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறையியலாளர் அன்செல்ம் விளக்கினார். அந்த அன்பைக் கண்ட மனிதனின் உள்ளம் திரும்புகிறது என்பதை அடுத்த தலைமுறையில் அபேலார்து வலியுறுத்தினார். இவற்றுள் எதை எடுத்தாலும், சிலுவை கடவுள் நமக்காகச் செய்த செயல். அதை மறந்து, நாம் கடவுளுக்குக் காட்டவேண்டிய பொறுமை என்று மட்டும் கற்பிக்கத் தொடங்கும் இடத்தில்தான் வழி தவறுகிறது என்பது எனது எண்ணம்.

நீங்கள் கேட்ட வசனத்துக்கு வருகிறேன். மத்தேயுவும் மாற்கும் எழுதிய அதே வாக்கியத்தில், லூக்கா 9:23 மாத்திரம் ‘அனுதினமும்’ என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறது. மூவரும் அதற்கு முன்னே வைப்பது ‘தன்னைத்தான் வெறுத்து’ என்பதை. அந்தக் காலத்தில் ஒருவன் சிலுவையைத் தூக்கிக்கொண்டு நடப்பதைக் கண்டவர்களுக்கு அதன் பொருள் தெரியும், அவன் திரும்பி வரமாட்டான் என்பதே அது. இயேசுவைப் பின்பற்றுவதால் வரக்கூடிய இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொள்வதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். தலைவலியையோ, தவறிய பேருந்தையோ, மாமியாரின் வாயையோ அவர் குறிப்பிடவில்லை. தமது உயிரைக் குறித்துக்கூட, ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை, நானே கொடுக்கிறேன் என்ற கருத்தில் அவர் பேசியதை யோவான் 10ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

அவர் எல்லா அடியையும் வாங்கிக்கொண்டிருந்தவர் என்ற எண்ணமும் வேதத்துக்குப் பொருந்தாது. நாசரேத்தூரார் அவரை மலைச்சரிவிலிருந்து தள்ளப் பார்த்தபோது, அவர்கள் நடுவே கடந்து போய்விட்டார். பிரதான ஆசாரியனின் வீட்டில் சேவகன் அறைந்தபோது, என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். கெத்செமனேயில் அந்தப் பாத்திரம் நீங்கும்படி வேண்டினார். தம் சீடர்களிடம், ஓர் ஊரில் துன்பப்படுத்தினால் மற்ற ஊருக்கு ஓடிப்போங்கள் என்றார். பவுலைச் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, ரோமனை விசாரணையின்றி அடிப்பது நியாயமா என்று சட்டத்தை எடுத்து வைத்து அவர் தப்பினார். இவர்களுள் ஒருவருடைய விசுவாசத்தையும் நாம் குறைவாக மதிப்பதில்லை. எமது நாட்டிலும் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளையும், பின்னர் 12 மாதங்கள் வரைக்குமான பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். மகளிருக்கான உதவி அழைப்பு இலக்கம் 1938. அவற்றைப் பயன்படுத்துவது சிலுவையை இறக்கி வைப்பதாகாது.

அப்படியானால் அன்றாடச் சிலுவை எது? யாழ்ப்பாணத்தில் அதைத் தேடி அதிக தூரம் போகத் தேவையில்லை. வேலி எல்லையில் ஒரு முழ நிலத்துக்காகப் பதினைந்து ஆண்டு பேசாதிருக்கும் உடன்பிறப்பிடம் முதலில் போய்ப் பேசுவது. மகனுக்குச் சீதனம் வேண்டாமென்று சொல்லி, சொந்தக்காரர் நடுவே பைத்தியக்காரன் என்று பேர் வாங்குவது. சாதி கேளாமல் பிள்ளைக்குக் கலியாணம் பேசுவது. இதில் எங்கள் சபை, உங்கள் சபை என்ற வேறுபாடு இல்லை, இரண்டும் இன்னும் கூசவேண்டிய நிலையில்தான் இருக்கின்றன. இவை யாவும் நாமே எடுத்தாலன்றித் தோளில் ஏறாதவை. அந்த வீட்டிலும் தன்னைத்தான் வெறுக்கும்படி அழைக்கப்பட்டிருப்பவர் அந்தத் தாய் அல்ல. வருடத்தில் ஒருநாள் மரத்தைச் சுமக்கும் அந்த மனிதர், மற்ற நாட்களில் போத்தலைக் கீழே வைப்பதுதான் அவருக்கு உரிய சிலுவை. அது அந்த மரத்தைவிடப் பாரமாக இருக்கும் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

மறுமொழி
பதிந்தவர்: தெற்குவாசல் (நல்லூர்)

நான் சைவன். இங்கே எழுதுவது பொருந்துமோ என்று யோசித்துவிட்டே எழுதுகிறேன், பிழையாகத் தோன்றினால் பொறுத்தருள்க.

எனது பக்கத்து வீட்டார் கத்தோலிக்கர். விபூதிப் புதனன்று அந்த அம்மா நெற்றியில் சாம்பலோடு வருவார், நான் எனது திருநீற்றோடு நிற்பேன், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். கடந்த வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல் அது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். நஞ்சை உண்டு கண்டத்தில் நிறுத்திய எம்பெருமானின் கதையைச் சிலுவையோடு ஒப்பிட்டு நாங்கள் பேசியதும் உண்டு. உலகம் அழியாதிருக்கப் பிறருடைய நஞ்சைத் தான் ஏற்பது இரண்டிலும் இருக்கிறது. ஆனால் எங்கள் பெருமான் இறக்கவில்லை, உங்கள் ஆண்டவர் இறந்தார். அந்த இடத்தில் எங்கள் பேச்சு நின்றுவிடும். அதை இழுத்து ஒன்றாக்க இருவரும் முயன்றதில்லை.

வெளியிலிருந்து பார்க்கும் எனக்கு ஒன்று தெரிகிறது. ‘இது உன் சிலுவை’ என்று நீங்கள் சொல்லும் அதே தொனியில், அதே சந்தர்ப்பத்தில், எங்கள் வீடுகளில் ‘அவளின்ர தலையெழுத்து’ என்பார்கள். சொல் வேறு, தூக்கம் கலையாமல் மறுபக்கம் திரும்பிப் படுப்பது ஒன்றுதான். விதி என்ற பழைய பாயை விரித்து அதன்மேல் சிலுவை என்ற வெள்ளைத் துணியைப் போட்டிருக்கிறீர்களோ என்று எண்ணத் தோன்றுகிறது. எங்கள் சமயமும் அதற்கு இடங்கொடுப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்கள் சுரத்தால் வாடியபோது ஞானசம்பந்தப் பிள்ளையார் பாடிய திருநீலகண்டப் பதிகத்தின் தொடக்கமே, செய்த வினைக்கு இது பயன் என்று சொல்லிக்கொண்டு உய்யும் வழியை நாடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்ற கேள்விதான். தேவாரம் ஓதும் எங்களுக்கே அது காதில் ஏறுவதில்லை. ஆகவே உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு உரிமையில்லை.

மறுமொழி
பதிந்தவர்: பனங்கிழங்கு (சில்லாலை)

மேலே எழுதியவர்கள் அறிவோடு எழுதியிருக்கிறார்கள். ஆயினும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு.

எனது அம்மா பக்கவாதத்தில் விழுந்து 11 ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். அது யாரும் அவருக்குச் செய்த அநீதியும் அல்ல, அவர் விரும்பி எடுத்ததும் அல்ல. அதிகாலையில் நான் உடம்பு துடைக்கும்போது, ‘அர்ச்சியசிஷ்ட சிலுவை அடையாளத்தினாலே’ என்று குழறிய வாயால் தொடங்கி, அசையும் இடக்கையால் நெற்றியில் சிலுவை வரைவார். அந்த நாளின் வேதனையை வெளிநாட்டிலிருக்கும் தம்பிக்காகவோ, யாரோ ஒரு நோயாளிக்காகவோ ஒப்புக்கொடுப்பார். ‘இது என்ர சிலுவை’ என்று அவர் சொல்லியிருக்கிறார். வட்டுக்கோட்டைச் சகோதரர் சொல்வதுபோல் விரும்பி எடுத்தது மாத்திரமே சிலுவை என்றால், அந்த 11 ஆண்டுகளுக்கு நான் என்ன பெயர் வைப்பது? கிறிஸ்துவின் வேதனைகளில் பங்குகொள்வதைப் பற்றிப் பவுலடியார் கொலோசையருக்கு எழுதியதை எங்கே வைப்பது? சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில் ஆண்டவரின் சிலுவையைச் சுமக்க வரும் சீமோனும் விரும்பி வந்தவர் அல்லர், வயல்வெளியிலிருந்து வந்தவரைப் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள் என்றுதான் சுவிசேஷத்தில் இருக்கிறது.

ஒன்றை மாத்திரம் ஏற்றுக்கொள்கிறேன். அம்மா அந்தச் சொல்லைத் தானே சொன்னார். வருத்தம் பார்க்க வந்த ஒருவர் அதே சொல்லை அவருக்குச் சொன்னபோது, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மனிதர் போகும்வரை திரும்பவேயில்லை.

மறுமொழி
பதிந்தவர்: வடக்குவீதி (வட்டுக்கோட்டை)

சில்லாலை உறவுக்கு: நான் எழுதியதில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன். வந்து சேர்ந்த வேதனையையும், மாற்றவே முடியாதபோது, ஒருவர் அன்பின் செயலாக மாற்றலாம். உங்கள் தாயார் செய்தது அதுதான், அதுவும் ஒரு தெரிவு. சீமோனைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரி. ஆனால் அவர் தூக்கியது தமது சிலுவையை அல்ல என்பதை இன்று வரை நான் யோசித்துப் பார்த்ததில்லை.

மறுமொழி
பதிந்தவர்: நீர்வேலி அக்கா

எனது தம்பி 2009 வைகாசியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுள் ஒருவன். 2017 மாசி 20 அன்று கிளிநொச்சியில் கந்தசாமி கோவில் முன்றலில் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கிய பிறகு, அம்மாவும் அவனது படத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கே போய் இருந்தா. வெயிலில் இருந்து வந்து கால் வீங்கிக் கிடந்தபோது, உறவினர் ஒருவர், மாதாவும் சிலுவையடியில் நின்றவதானே, நீங்களும் பேசாமல் ஒப்புக்கொடுங்கோ என்றார். அம்மா படித்தவ அல்ல. ஆனாலும் அவ சொன்ன மறுமொழி எனக்கு மறக்காது. ‘மாதாட்ட பிள்ளையின்ர உடம்பையாவது இறக்கிக் குடுத்தவங்கள்’ என்றா.

அதன் பிறகு சிலுவைப்பாதையில், ஆண்டவரின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்கும் பதின்மூன்றாம் நிலைக்கு வரும்போதெல்லாம் அம்மா முழந்தாளிடுவதில்லை, எழுந்து நின்றுவிடுவா. ஏன் என்று நான் கேட்டதில்லை. எனக்குச் சிலுவையின் பொருளை விளக்கத் தெரியாது. இறந்து கொண்டிருந்த ஆண்டவரே, என் கடவுளே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டிருக்கிறார் என்பது மாத்திரம் எமது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கேட்கலாம் என்பதற்கு அதைவிட வேறு அனுமதி எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

மறுமொழி
பதிந்தவர்: ஓலைக்குருத்து (பாசையூர்)

எல்லாருக்கும் நன்றி. பாஸ்காத் திருநாள் (உயிர்ப்பு ஞாயிறு) கழிந்து இரண்டு வாரமாகிறது. நடந்ததை எழுதுவது கடமை என்று நினைக்கிறேன்.

பெரிய வெள்ளிக்கு முன்னரே, மாதர் சங்கத்துப் பெண்கள் இருவரோடு அந்த வீட்டுக்குப் போனேன். தகப்பன் கடலுக்குப் போயிருந்த நேரம். நான் மனத்துக்குள் கோபத்தோடு போனது, பிள்ளையின் வாயில் அந்தச் சொல்லை வைத்த அம்மம்மாவின் மேல். சட்டத்தைப் பற்றியும் 1938ஐப் பற்றியும் நாங்கள் தாயோடு பேசிக்கொண்டிருந்தபோது, அவர் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் பக்கம் வந்து இருந்து, சட்டைக் கையை மேலே ஏற்றி, வளைந்து பொருந்திய ஒரு பழைய எலும்பு முறிவைக் காட்டினார். ‘எனக்கும் இதைத்தான் சொல்லித் தந்தவை, வேற ஒண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை’ என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் குறிப்பிட்ட காலத்தில் அந்தக் கோவிலில் மறைக்கல்வி கற்பித்தவர் எனது சொந்தப் பெரியம்மா.

இவ்வாண்டுச் சிலுவைப்பாதையில் அந்த மனிதர் வழமைபோல் மரத்தைச் சுமந்தார். அவரை விலக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்கவேண்டுமா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. குருவானவர் அவரோடு தனியாகப் பேசியிருக்கிறார், குடியை விடுவதற்குச் சிகிச்சைக்குப் போக அந்த மனிதர் ஓம் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஓமை நம்பி யாரும் வீட்டில் இருக்கத் தேவையில்லை என்று குருவானவரே தாயிடம் சொல்லிவிட்டார். பாஸ்காவுக்கு அடுத்த செவ்வாய் அந்தத் தாய் பிள்ளைகளோடு சுன்னாகத்திலுள்ள தமையன் வீட்டுக்குப் புறப்பட்டார்.

வகுப்பில் அந்தச் சிறுவனுக்கு நான் சொன்னது மிகச் சிறியது. அப்பா உன் அம்மாவின் சிலுவை அல்ல, அப்பா செய்வது பிழை, பிழையைப் பிழை என்று சொல்வதால் இயேசு கோபிக்கமாட்டார் என்றேன். அவன் தலையை ஆட்டினான். விளங்கியதா என்று தெரியாது. ஓலைச்சிலுவையைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா என்று கேட்டதற்கு, கதவுக்கு மேலே செருகியிருக்கிறது, எடுத்து வரமாட்டேன், வீட்டுக்குக் காவல் வேண்டுமே என்றான்.

பேருந்துக்கு அவர்களை அனுப்ப நானும் போயிருந்தேன். இரண்டு பைகளில் உடுப்பும் பாத்திரமும் இருந்த பாரமானதை அம்மம்மா தூக்கியிருந்தார். கையில் வலி இருக்கும் என்று நான் வாங்கப் போனேன், தரவில்லை. சந்திவரை அவரே கொண்டுவந்து, பேருந்தின் படியில் ஏற்றிவைத்த பிறகுதான் கையை எடுத்தார்.